கடல் பிரியும் பாத்திகள்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் முத்தையாபுரத்தைத் தாண்டியதும் நிலம் சதுரம் சதுரமாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு சதுரத்தில் தண்ணீர் பச்சை கலந்த பழுப்பு. அடுத்ததில் வெளிர் சிவப்பு. அதற்கும் அப்பால் தண்ணீரே தெரியவில்லை, வெறும் வெள்ளை. நடுநடுவே மேடுகளில் உப்பு அம்பாரங்கள் நிற்கின்றன. சில பனையோலை மூடியவை, சில வெயிலுக்குத் திறந்தவை. தொலைவில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். காலை ஏழு மணிக்கே கண் கூசுகிறது.

ஜூன் மாதம் இங்கே வந்திறங்கினேன். தனிமம், சேர்மம், கலவை; திடம், திரவம், வாயு என்று பள்ளியில் மனப்பாடம் செய்த பாடம் முழுவதும் ஒரே வெயிலில் நடப்பதைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது.

கடல்நீர் ஒரு கலவை. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விடுவதுதான் உப்பளத்தின் முழு வேலையும். வெயிலும் காற்றும் அதில் பெரும்பகுதியைச் செய்துவிடுகின்றன. எந்தப் பொருள் எப்போது பிரியும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பது மனிதர்களின் பங்கு. அந்தப் பங்கு எவ்வளவு பெரியது என்பதை இந்தப் பயணத்தில்தான் உணர்ந்தேன்.

மழை மறைந்த கரை

உப்பு விளையக் கடல் மட்டும் போதாது. கடல் கேரளத்திலும் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அங்கே மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி ஈரம் வடிந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. மலையின் ஒரு பக்கம் குடை பிடிக்கும் அதே நாட்களில் மறுபக்கம் உப்பு வாருகிறார்கள். தூத்துக்குடிக்கு மழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான். அது ஓய்ந்தபின் ஜனவரியில் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கினால் அடுத்த மழை வரைக்கும் வேலை.

காற்று ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு திரவத்தில் எல்லாத் துகள்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மெதுவாக நகர்பவையும் உண்டு, மிக வேகமாக ஓடுபவையும் உண்டு. மேற்பரப்புக்கு வந்துசேரும் வேகமான துகள்கள் பக்கத்துத் துகள்களின் பிடியை உதறிவிட்டு வெளியே பறந்துவிடுகின்றன. வேகமானவை போய்விட, எஞ்சியிருக்கும் தண்ணீர் சற்றுக் குளிர்கிறது. வெயில் அதை மறுபடி சூடாக்குகிறது. பாத்தித் தண்ணீர் ஒருநாளும் கொதிப்பதில்லை. கொதிக்காமலே, மேல்தோலிலிருந்து மட்டும், இரவும் பகலும் வாயுவாகிக்கொண்டே இருக்கிறது.

வெளியே பறந்த துகள்கள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் அவற்றில் பல திரும்பித் தண்ணீருக்குள் விழும். காற்று வந்து அவற்றை அள்ளிக்கொண்டு போக வேண்டும். வருகிற காற்றும் வறண்டதாக இருக்க வேண்டும். உப்பு நிறைந்த கரைசலின் மீதிருக்கும் காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், தண்ணீர் வெளியேறுவது நின்று காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே இறங்கத் தொடங்கும். வெயில் எவ்வளவு அடித்தாலும் புழுக்கமான கடற்கரையில் உப்பு விளைவது கடினம் என்பதற்கு இதுவே காரணம்.

இந்த வெயிலின் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடல்நீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். அதில் நாம் உண்ணும் சோடியம் குளோரைடு 27 கிராம் அளவில்தான் இருக்கும். ஆக, ஒரு கிலோ சாப்பாட்டு உப்புக்குக் கிட்டத்தட்ட 37 கிலோ கடல்நீர் வற்ற வேண்டும். அதற்குத் தேவைப்படும் வெப்பம் சுமார் 25 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ எரிவாயு சிலிண்டர் முழுவதையும் துளி வெப்பம்கூட வீணாகாமல் எரித்தாலும் 7 கிலோ உப்புதான் கிடைக்கும். மளிகைக் கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் பொருளுக்குள் இவ்வளவு சூரியன் அடங்கியிருக்கிறது. அதற்குச் சூரியன் விலை கேட்பதில்லை, அதனால் நமக்குத் தெரிவதும் இல்லை.

தண்ணீரில் என்ன இருக்கிறது

உப்பளத்துக்காரரிடம் அனுமதி கேட்டபோது, அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணை உடன் அனுப்பினார். கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து உப்பளத்தில் நிற்பவர். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வரப்பில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். முதல் பாத்தியின் ஓரத்தில் நின்று, “மொத இந்தத் தண்ணிய நாக்குல வச்சுப் பாருங்க தம்பி. பொறவு கடைசிப் பாத்திக்கு வருவோம்,” என்றார்.

கரித்தது. கடலில் குளிக்கும்போது வாய்க்குள் போகும் தண்ணீரைவிடச் சற்று அதிகமாகவே கரித்தது. தூத்துக்குடியில் கடலிலிருந்து நேராக மட்டும் தண்ணீர் எடுப்பதில்லை. நிலத்தடியில் தேங்கிய உப்புநீரை ஆழ்குழாய் போட்டும் இறைக்கிறார்கள். அது கடல்நீரைவிடச் செறிவானது என்பதால் வெயிலுக்கு அந்த அளவு வேலை மிச்சம்.

உள்ளங்கையில் அள்ளிய அந்தத் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. எவ்வளவு நுண்ணிய துணியில் வடிகட்டினாலும் உப்பு துணியில் தங்காது. உப்பு, தண்ணீருக்குள் சிறு சிறு பொடியாக மிதந்துகொண்டிருக்கவில்லை. சோடியம் தனி, குளோரின் தனி என்று மின்னேற்றம் கொண்ட அயனிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கின்றன. காய்ந்த உப்பைச் சூடாக்கி உருக்க வேண்டுமென்றால் 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அத்தனை உறுதியான பிணைப்பை, ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீர் ஒரு நிமிடத்தில் கலைத்துவிடுகிறது. நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் மறுபக்கம் சற்றே எதிர்மின் தன்மையும் கொண்டது. பல மூலக்கூறுகள் சேர்ந்து ஒவ்வொரு அயனியையும் இழுத்துப் பிரித்துக்கொண்டு போய்விடுகின்றன.

சோடியமும் குளோரினும் மட்டுமல்ல. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட்டு, கொஞ்சம் புரோமைடு எல்லாம் அதே தண்ணீரில் அலைகின்றன. கலவையின் இயல்பு இதுதான். சேர்ந்திருக்கும், ஆனால் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டதில்லை. தண்ணீர் குறையக் குறைய ஒவ்வொன்றும் தன் தன் நேரம் வந்ததும் விலகிப் போகும். அந்த வரிசையை வைத்துத்தான் உப்பளத்தையே அமைத்திருக்கிறார்கள்.

ஒன்றன்பின் ஒன்றாக

முதலில் விலகுவது கால்சியம் கார்பனேட்டு. தொடக்கத்துப் பெரிய பாத்திகளிலேயே அது அடியில் படிந்துவிடும். மன்னார் வளைகுடாவின் சங்கும் முத்தும் பெருமளவு இதே பொருளால் ஆனவை. கடலுக்குள் சிப்பி அடுக்கடுக்காகச் சேர்த்து வைப்பது, இங்கே வெயிலில் தானாக இறங்குகிறது. கொற்கை முத்தால் பெயர்பெற்ற இந்தக் கரையில் முத்தின் மூலப்பொருளை உப்பில் சேராதபடி ஒதுக்கி வைக்கிறார்கள்.

அடுத்து இறங்குவது ஜிப்சம், அதாவது நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட்டு. இரண்டாம் கட்டப் பாத்தியின் ஓரத்தில் விரலால் துழாவியபோது மணலுக்கு நடுவே ஊசி ஊசியாக ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால், மங்கிய வெள்ளையில் சன்னமான படிகங்கள். நாக்கில் வைத்தால் ருசியே இல்லை. உப்பு விளையும் பாத்திக்குள் இது வந்துவிடக் கூடாது என்பதால்தான், இங்கேயே தங்கிக் கழிந்து போகும்வரை தண்ணீரை நிறுத்தி வைக்கிறார்கள்.

அந்த வெளிர் சிவப்பு நிறத்தைப் பற்றிக் கேட்டேன். “வெயில் ஏற ஏற அப்படித்தான் செவக்கும். செவந்தா நல்லதுதான்,” என்றார் அவர். செறிந்த உப்பிலும் பிழைக்கும் துனாலியெல்லா என்ற நுண்பாசியும், உப்பை விரும்பும் சில நுண்ணுயிரிகளும் தரும் நிறம் அது. சிவந்த தண்ணீர் வெயிலை அதிகம் உறிஞ்சும், சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆவியாகும். அவர் சொன்ன “நல்லதுதான்” என்ற ஒரு சொல்லுக்குள் இந்த விளக்கம் முழுவதும் இருந்தது.

பாத்தியிலிருந்து பாத்திக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் நேரத்தை டிகிரி பார்த்து முடிவு செய்கிறார்கள். அடியில் எடை வைத்த கண்ணாடிக் குழல் ஒன்றைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். தண்ணீர் அடர்ந்திருந்தால் குழல் மேலே எழும்பி நிற்கும். பிரெஞ்சு வேதியியலர் அந்துவான் போமே 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோல் இது. கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. ஜிப்சம் 13 டிகிரி வாக்கில் இறங்கத் தொடங்கும். 25 டிகிரியைத் தொட்டதும் சோடியம் குளோரைடு படிகமாகும். அதற்குள் பத்துக் குடம் கடல்நீர் ஒரு குடமாகச் சுண்டியிருக்கும்.

“அக்கா, நீங்களும் டிகிரி பாப்பீங்களா?” என்றேன்.

“அதுக்கு ஆள் இருக்காவ. ஆனா அவிய வாரதுக்கு முன்னாலயே நமக்குத் தெரிஞ்சிரும். கால வச்சுப் பாருங்க. தண்ணி எண்ணெய் மாதிரி வழவழன்னு ஒட்டுதுல்லா? இனி எறங்கிரும்.”

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அவர் சொன்னது சரி. தண்ணீருக்கு ஒரு கனம் வந்திருந்தது. காலைத் தூக்கினால் சொட்டு விழத் தாமதித்தது. அரை நாள் வெயில் பட்ட தரை சுட்டது. கணுக்காலில் காய்ந்த இடமெல்லாம் நிமிடத்தில் வெள்ளை பூத்தது. கண்ணாடிக் குழல் எண்ணாகச் சொல்வதை அவருடைய பாதம் பல ஆண்டுப் பழக்கத்தில் சொல்கிறது. எது எதைவிட மேல் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே அடர்த்தியைத்தான் அளக்கின்றன.

உப்பு பிறக்கும் இடம்

கடைசிப் பாத்தியில் குந்தி உட்கார்ந்து, முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தேன். உப்பு அடியில்தான் பிறக்கும் என்று நினைப்போம். இங்கே அது மேலே பிறந்தது. தண்ணீர் வெளியேறுவது மேற்பரப்பிலிருந்துதானே. அங்கேதான் செறிவு முதலில் எல்லை மீறும். கடுகளவு சதுரத் துணுக்கு ஒன்று மிதந்தது. தண்ணீரைவிட உப்பு கனமானது, மூழ்க வேண்டியது. ஆனால் மேற்பரப்பின் இழுவிசை அதைத் தாங்கிக்கொண்டது. மெல்லக் கீழிறங்க இறங்க, தண்ணீரோடு ஒட்டியிருந்த நான்கு விளிம்புகளில் மட்டும் புதிய உப்பு சேர்ந்தது. படிப்படியாக உயர்ந்த நான்கு சுவர்கள், நடுவில் பள்ளம், தலைகீழாக நிற்கும் ஒரு குட்டிக் கூம்பு. காற்று ஒருமுறை பாத்தியைச் சுருக்கியது. கூம்பு சாய்ந்து தண்ணீர் நிரம்பி அடியில் இறங்கியது. அங்கே கிடந்த ஆயிரக்கணக்கான படிகங்களோடு சேர்ந்து வளரத் தொடங்கியது.

ஏன் எப்போதும் சதுரம்? 1913இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி பிராக், லாரன்ஸ் பிராக் என்ற தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களை உப்புப் படிகத்தின் வழியே செலுத்தி இதற்கு விடை கண்டார்கள். ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம். மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் இதே ஒழுங்கு. இந்தச் சோடியத்துக்கு இந்தக் குளோரின் துணை என்று தனித்தனி ஜோடி கிடையாது. ஒரு மில்லிமீட்டர் உப்புக் கல்லின் ஓர் ஓரத்தில் மட்டும் சுமார் 35 லட்சம் அயனிகள் வரிசை தவறாமல் நிற்கின்றன. ஆளில்லாத வெயிலில், யாரும் அடுக்காமல் அமைந்த ஒழுங்கு அது.

சர்க்கரையையோ படிகாரத்தையோ சூடாகக் கரைத்துக் குளிரவிட்டால் படிகம் வந்துவிடும். உப்பு அதற்கு மசியாது. 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைக் கரைக்கும். கொதிக்க வைத்தாலும் அதைவிடச் சற்றுத்தான் கூடுதலாகக் கரையும். அதனால் குளிரவைத்து உப்பெடுக்க முடியாது. தண்ணீரை அனுப்பியே ஆக வேண்டும். உப்பளத்துக்கு இத்தனை பரந்த நிலமும் இத்தனை நாளும் தேவைப்படுவது இதனால்தான்.

படிகம் கெட்டியாகப் படிந்ததும் வாருபலகை இறங்குகிறது. நீண்ட மூங்கிலின் முனையில் குறுக்கே பொருத்திய பலகை. முதலில் பாளத்தை உடைக்க வேண்டும், பிறகு அடிமண் கிளறாமல் உப்பை மட்டும் ஓரத்துக்கு இழுக்க வேண்டும். பலகை ஒரு விரற்கடை ஆழமாக இறங்கினால் உப்பு கறுத்துவிடும், விலை போய்விடும். பருவத்தின் தொடக்கத்தில் நாள்கணக்கில் காலால் மிதித்துத் தரையை இறுக்கி வைப்பது இதற்காகத்தான். இழுத்த உப்பு வரப்பில் நீர் வடியக் கிடக்கும்; பிறகு கூடையில் அள்ளித் தலைச்சுமையாக அம்பாரத்துக்குப் போகும்.

நானும் வாங்கி இழுத்துப் பார்த்தேன். நனைந்த உப்பின் பாரம் தோளில் ஏறியது. ஆனால் பாரத்தைவிட வெளிச்சம்தான் தாங்கவில்லை. மேலிருந்து வரும் வெயிலைத் தலைத்துண்டு மறைக்கும்; கீழே வெள்ளைப் பரப்பிலிருந்து திரும்பி வரும் வெயிலை எதுவும் மறைக்காது. அதனால்தான் விடியும் முன்னே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். உப்புத்தண்ணீரிலேயே நிற்கும் பாதங்களில் வெடிப்பு ஆறுவதில்லை. எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் இந்த ஊர்த் தொழிலாளர்களோடு பழகி ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மோட்டாரும் லாரியும் வந்திருக்கின்றன. வாருபலகை பிடிக்கும் கையும் வெந்த பாதமும் இந்தப் பாத்திகளில் மாறவில்லை. மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு இப்போது 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது தேவையான தொடக்கம். அதோடு நின்றுவிடக் கூடாது.

கசப்பின் பயன்

உப்பை எடுத்தபின் பாத்தியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சுகிறது. விரலை விட்டு வாய்க்குக் கொண்டுபோனேன். “அத வாயில வைக்காதீங்க தம்பி! கசந்து தள்ளிரும். வயித்தயும் கலக்கிரும்,” என்று தடுத்தார்.

29, 30 டிகிரிக்கு மேல் போன தண்ணீர் அது. மக்னீசியம் குளோரைடும் மக்னீசியம் சல்பேட்டும் அதில் செறிந்திருக்கும். மக்னீசியம் சல்பேட்டு மருந்துக்கடையில் பேதிக்குத் தரும் உப்பு. அவர் எச்சரித்தது முற்றிலும் சரி. இன்னும் கொஞ்சம் உப்பு கிடைக்கட்டும் என்று ஆசைப்பட்டு இந்தத் தண்ணீரையும் காயவிட்டால் மக்னீசியமும் உப்போடு சேர்ந்து படியும். சுத்தமான சோடியம் குளோரைடு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் கசியும். மக்னீசியம் குளோரைடு ஏறத்தாழ 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி நீர்விட்டுக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் உப்பல்ல, உப்போடு ஒட்டி வந்த மக்னீசியம். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதே இந்தத் தொழிலின் பாதி என்பது இங்கே விளங்கியது.

இந்தக் கசப்பு நீர் உலகுக்கு ஒரு தனிமத்தையும் தந்திருக்கிறது. பிரான்சின் மோன்பெலியே நகரத்துக் கடற்கரை உப்பளங்களில் மிஞ்சிய நீரை 1826இல் ஆராய்ந்த அந்துவான் பலார் என்ற இளைஞர், அதற்குள் குளோரினைச் செலுத்தியபோது செம்பழுப்பு நிறத்தில் மூச்சுத் திணறடிக்கும் திரவம் ஒன்றைப் பிரித்தார். அதுதான் புரோமின். சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருக்கும் தனிமங்கள் இரண்டே. ஒன்று பாதரசம், மற்றது புரோமின். கடல்நீரில் கிலோவுக்கு 0.07 கிராம்கூட இல்லாத அதை, உப்பை எடுத்து எடுத்து வெயில்தான் அவர் கைக்கெட்டும் அளவுக்குச் சேர்த்து வைத்திருந்தது.

உப்பைத் திரும்ப உடைக்கும் ஊர்

மதியத்துக்கு மேல் அதே சாலையில் தெற்கே போனேன். முக்காணிக்கும் ஆத்தூருக்கும் இடையில் தாமிரபரணிப் பாலம். பொதிகையில் மழையாக விழுந்த தண்ணீர் இங்கிருந்து சில கிலோமீட்டரில் புன்னைக்காயல் பக்கம் கடலில் கலக்கிறது. காலையில் பாத்தியிலிருந்து பறந்த நீர்த்துகள்கள் எந்த மலையில் மழையாகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஏதோ ஒரு மலையில் உப்பில்லாமல்தான் விழும். ஆவியாகும்போது தண்ணீர் உப்பைத் தன்னோடு கொண்டுபோவதில்லை. நமது ஆறுகள் எல்லாம் அந்த ஒரு பண்பால்தான் குடிக்கத் தக்கவையாக ஓடுகின்றன.

ஆற்றைத் தாண்டினால் ஆறுமுகநேரி. இங்கும் உப்பளங்கள் உண்டு. பக்கத்துச் சாகுபுரத்தில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் ஆலை இருக்கிறது. காலையில் பார்த்த பிரிவினையும் இந்த ஆலைக்குள் நடப்பதும் ஒன்றல்ல. பாத்தியில் பிரிந்தது கலவை. அதற்கு வெயில் போதும். இங்கே உடைவது சேர்மம். அதற்கு மின்சாரம் வேண்டும்.

சோடியம் வெள்ளி நிறத்தில் மின்னும் உலோகம், கத்தியால் வெட்டக்கூடிய மென்மை, 98 டிகிரி செல்சியஸில் உருகும். தண்ணீர் பட்டால் சீறித் தீப்பிடிக்கும் என்பதால் ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் வைத்திருப்பார்கள். 1807இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி உருக்கிய காஸ்டிக் சோடாவுக்குள் மின்சாரம் செலுத்தி முதன்முதலாக அதைத் தனியாக எடுத்தார். குளோரின் மஞ்சள் கலந்த பச்சை நிற வாயு. சுவீடன் வேதியியலர் ஷீலே 1774இல் அதைக் கண்டார். அது ஒரு தனிமம் என்று 1810இல் உறுதி செய்தவரும் டேவிதான். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரு போர்முனையில் அந்த வாயுவை ஏவிப் படைவீரர்களைக் கொன்றார்கள். எரியும் உலோகமும் கொல்லும் வாயுவும் கூடினால் குழந்தைக்கு ஊட்டும் பருப்புச் சோற்றில் போடும் உப்பு வருகிறது. சேர்மம் தன் தனிமங்களின் குணத்தைச் சுமப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆலையில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாயும்போது ஒரு மின்வாயில் குளோரின் குமிழியிட்டு வரும், மறுமின்வாயில் ஹைட்ரஜன். சோடியம் உலோகமாக வெளிவராது. தண்ணீர் இருக்கும் இடத்தில் அது தனித்து நிற்க முடியாது. கரைசலிலேயே தங்கிக் காஸ்டிக் சோடாவாகும். அந்தச் சோடாவிலிருந்து சோப்பும் காகிதமும், குளோரினிலிருந்து பிவிசி குழாயும் குடிநீர்த் தொட்டியில் கிருமி கொல்லும் மருந்தும் உண்டாகின்றன. ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரும் குழாயிலும், அந்தத் தண்ணீரைக் காக்கும் மருந்திலும் கடல் இருக்கிறது.

சாப்பாட்டுக்குப் போகும் உப்பு வேறு வழியில் போகிறது. அரவை ஆலையில் கழுவி அரைத்து, அதன்மேல் பொட்டாசியம் அயோடேட்டுக் கரைசலைத் தெளிக்கிறார்கள். உண்பதற்கான உப்பை அயோடின் இல்லாமல் விற்க 2006 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. வாங்குபவர் கைக்கு வரும்போது ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். பாடுபட்டுக் கலவையைப் பிரித்தவர்கள் கடைசியில் ஒரு துளியை வேண்டுமென்றே கலக்கிறார்கள். அந்தத் துளிதான் முன்கழுத்துக் கழலையையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறையையும் தடுக்கிறது.

கடல்நீரைக் காயவைத்து உப்பெடுப்பதே குற்றமாக இருந்த காலமும் உண்டு. 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பை அள்ளிச் சிறை சென்றது அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான். வெயிலும் காற்றும் கடலும் செய்யும் வேலைக்கு வரி விதித்த அரசை, ஒரு பிடி உப்பை அள்ளி எதிர்த்தார்கள். இன்று உப்பெடுக்கச் சட்டத் தடை இல்லை. எடுப்பவர்களின் உழைப்புக்கும் அறிவுக்கும் உரிய மதிப்புதான் இன்னும் வந்து சேரவில்லை.

நம் பள்ளிப் புத்தகங்களில் கலவைகளைப் பிரிக்கும் முறைகள் என்ற பாடத்தில் ஆவியாக்கல் பற்றிச் சில வரிகள் உண்டு. தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம் மாவட்டப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் பேருந்து தூரத்தில் இருக்கிறது. பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை எந்த அதிகாலையிலும் அழைத்துப் போகலாம். முதல் பாத்தித் தண்ணீரையும் கடைசிப் பாத்தித் தண்ணீரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். மிதந்து வளரும் படிகத்தைக் காட்டலாம். டிகிரிக் குழலைக் கையில் கொடுக்கலாம். அன்றைய வகுப்பை எடுக்க அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணையே கேட்கலாம். அவருக்கு அந்த நாளின் கூலிக்குக் குறையாமல் மதிப்பூதியமும் கொடுக்க வேண்டும். பாடம் சொல்லித் தருபவராக அவரைப் பார்த்து வளரும் பிள்ளைகள், உப்பளக் கூலியை உடல் வலிவுக்கு மட்டும் கொடுக்கும் காசாக நினைக்க மாட்டார்கள்.